இடுப்பு முறிந்த பெரியவரோடு ஆஸ்பத்திரியில் இருக்கப்போகிறவர்களுக்கு

எங்கள் அப்பத்தா குளியலறை வாசலில் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு. ஆபரேஷன் நடந்தது அடுத்த வியாழக்கிழமை மதியம். நடுவில் ஆறு நாள், காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, மல்லாந்து படுத்தபடி. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது, எக்ஸ்ரேயில் ராடு நேராக உட்கார்ந்திருந்ததை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். 38-ஆம் நாள் நெஞ்சில் சளி கட்டி, நிமோனியாவில் போய்விட்டார்.

மூன்று வருஷம் கழித்துப் பெரியம்மா விழுந்தார். வயது 79, சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட். அப்பத்தாவைவிட உடம்பில் கோளாறு அதிகம். இந்த முறை எங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. 28 மணி நேரத்தில் ஆபரேஷன், மறுநாள் காலை கட்டிலோரம் வாக்கரைப் பிடித்து நின்றார், இன்றும் வீட்டுக்குள் தானாக நடக்கிறார். இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது தெரியும். ஆனால் அந்த இரண்டு தடவைக்கும் நடுவில் நான் படித்தது, டாக்டர்களிடம் கேட்டது எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டின, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். இடுப்பு முறிவில் பெரியவர்களைக் கொண்டுபோவது பெரும்பாலும் படுக்கைதான். படுத்தே கிடப்பதால் நுரையீரலில் சளி, காலில் ரத்தக் கட்டி, முதுகடியில் புண், சிறுநீரில் கிருமி, சாப்பிடாமல் சதை உருகுவது, இதெல்லாம் சேர்ந்து இதயம் தாங்காமல் போவது. விழுந்து ஒரு வருஷத்துக்குள் ஐந்தில் ஒருவர், சில இடங்களில் மூன்றில் ஒருவர்வரை இறந்துவிடுகிறார்கள். வயதும் பழைய நோய்களும் இதில் பெரிய பங்கு, அதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் ஆஸ்பத்திரி பார்க்கிற விதத்தால் மாறுகிற பங்கும் இருக்கிறது, அது சின்னதும் இல்லை. இங்கிலாந்தில் 2007-ல் இடுப்பு முறிவுக்கென்றே ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். எந்த ஆஸ்பத்திரி எத்தனை மணி நேரத்தில் ஆபரேஷன் செய்தது, முதியோர் மருத்துவர் வந்து பார்த்தாரா, நோயாளி எப்போது எழுந்தார் என்று ஒவ்வொன்றையும் பதிந்தார்கள். 2010-லிருந்து 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவர் என்று சில நிபந்தனைகளை நிறைவேற்றிய ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணமும் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் இறப்பவர்கள் 2007-ல் நூற்றுக்கு 10.9, 2011-ல் 8.5. அதன் பிறகு இன்னும் இறங்கியிருக்கிறது. அதிசய மருந்து எதுவும் வரவில்லை. நேரத்தையும் கவனிப்பையும் ஒழுங்குபடுத்தினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் அப்படி யாரும் தினமும் குறித்துக்கொண்டு நிற்பதில்லை. அந்தக் குறிக்கிற வேலையைக் கூட இருக்கிற நீங்கள் செய்ய வேண்டியிருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வரியில் விழுந்த தேதியும் மணியும்.

விழுந்த அன்று

கால் ஒரு பக்கம் குட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் அநேகமாக இடுப்புதான். ஆனால் எப்போதும் அவ்வளவு தெளிவாக இருக்காது. சிலருக்கு வலி தொடையிலோ முட்டியிலோதான் தெரியும், முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பிய கதைகள் உண்டு. சிலர் எலும்பு ஒன்றோடொன்று குத்தி நிற்கிற மாதிரி முறிந்திருந்தால் நொண்டி நொண்டி நடக்கவும் செய்வார்கள். இடுப்பு எக்ஸ்ரேயே சரியாக இருக்கிறது என்று சொல்லியும் கால் ஊன்ற முடியவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். மெல்லிய முறிவு எக்ஸ்ரேயில் தப்பிவிடும்.

எண்ணெய் தேய்க்காதீர்கள், காலை இழுத்து நேராக்காதீர்கள், பிடித்து நடக்கவைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டுக் கட்டும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் முதலில் வருகிற யோசனையே அதுதான். கை எலும்புக்குக் கட்டுக் கட்டிச் சரியானவர்கள் எல்லார் வீட்டிலும் இருப்பார்கள். இடுப்புப் பந்தின் கழுத்து முறிந்தால் வெளியிலிருந்து எந்தக் கட்டும் அதைப் பிடித்து நிறுத்தாது, மாவுக்கட்டுகூட நிறுத்தாது. அந்த இடத்துக்குப் போகிற ரத்தக் குழாயும் அறுந்திருக்கலாம். கட்டுக்குப் போய்வந்து பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பத்து நாள் படுக்கையோடு வருகிறார்கள்.

கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: தினமும் போடுகிற மாத்திரைகள் அட்டையோடு, பழைய இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) சீட்டுகள், ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை. அதோடு மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல்செட். இந்தக் கடைசி மூன்றையும் எல்லாரும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். அவை ஏன் முக்கியம் என்று கீழே வரும்.

எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்ய நேரமிருந்தால், போனிலேயே நான்கு கேள்வி கேளுங்கள். இன்று இடுப்பு முறிவு வந்தால் எப்போது ஆபரேஷன் செய்வீர்கள்? சனி, ஞாயிறு தியேட்டர் ஓடுமா? மயக்க டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா, வெளியிலிருந்து வர வேண்டுமா? எலும்பு டாக்டரோடு பொது மருத்துவரும் தினமும் வந்து பார்ப்பாரா? கட்டடம் எவ்வளவு பெரியது என்பதைவிட இந்த நான்கு பதில்கள் முக்கியம். தனியாரிலும் ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் பூட்டிக் கிடக்கலாம், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மறுநாளே செய்துவிடலாம். கேட்டால்தான் தெரியும்.

ஆபரேஷன் ஏன் தள்ளிப்போகிறது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கனடாவின் ஒன்டாரியோவில் 42,230 பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. 24 மணி நேரத்தைத் தாண்டினால் ஆபத்து ஏற ஆரம்பிப்பது அதில் தெரிந்தது. 30 நாளில் இறந்தவர்கள் சீக்கிரம் செய்தவர்களில் நூற்றுக்கு 5.8, தாமதமானவர்களில் 6.5. அப்படியானால் ஆறு மணி நேரத்திலேயே செய்துவிட்டால் இன்னும் நல்லதா என்று இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் சோதித்தார்கள், முடிவு 2020-ல் வந்தது. ஆறு மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் உயிரிழப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களுக்குப் புத்தித் தடுமாற்றமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு, நடக்க ஆரம்பித்ததும் வீட்டுக்குப் போனதும் முன்னதாக. ஆகவே நடுராத்திரியில் பதற வேண்டாம். இன்று அல்லது நாளை என்பதுதான் இலக்கு. நான்காம் நாள், ஆறாம் நாள் என்று போகும்போதுதான் கவலைப்பட வேண்டும்.

நம் ஊரில் தாமதம் பெரும்பாலும் நான்கு வாசலில் நிற்கிறது: ஃபிட்னஸ், ரத்தம் இளக்கும் மாத்திரை, ரத்தம், பணம்.

ஃபிட்னஸ் என்றால் இதய டாக்டரும் மயக்க டாக்டரும் ஆபரேஷனுக்கு உடம்பு தாங்கும் என்று எழுதிக்கொடுப்பது. அப்பத்தாவுக்கு வெள்ளிக்கிழமை இ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ பார்க்கிறவர் திங்கள்தான் வருவார் என்றார்கள், செவ்வாய் எக்கோ எடுத்தார்கள், புதன் அந்தச் சீட்டில் கையெழுத்து. எக்கோவில் வயதுக்குரிய சின்ன மாற்றம் தவிர எதுவும் இல்லை. எக்கோவுக்காக மட்டும் ஆபரேஷனைத் தள்ளக் கூடாது என்று மயக்க மருத்துவர்களின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தள்ளிவைக்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன, அவை திட்டவட்டமானவை: ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே, சோடியம் 120-க்குக் கீழே அல்லது 150-க்கு மேலே, பொட்டாசியம் 2.8-க்குக் கீழே அல்லது 6-க்கு மேலே, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர், நாடி 120-க்கு மேல் தாறுமாறாக ஓடுவது, கிருமி ரத்தத்தில் ஏறிய நெஞ்சுச் சளி. இப்படி ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை காத்திருப்பதுதான் சரி, அதற்கும் கெடு வைத்து வேகமாகச் சரிசெய்ய வேண்டும். இது எதுவும் இல்லாமல் நாள் போனால், டியூட்டி டாக்டரிடம் பணிவாக இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், எதற்காகக் காத்திருக்கிறோம்? அது வந்தால் ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்ற முடிவு மாறுமா?” பெரியம்மா விஷயத்தில் இந்தக் கேள்விக்கு அந்த இளம் டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, போனை எடுத்து இதய டாக்டரிடம் பேசினார். அரை மணி நேரத்தில் ஃபிட்னஸ் வந்தது.

அடுத்து மாத்திரை. ஸ்டென்ட் வைத்தவர்கள் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுவார்கள். ஐந்து நாள் நிறுத்திவிட்டுத்தான் செய்ய முடியும் என்று பல இடங்களில் பழக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு அது பொருந்தும், இடுப்பு முறிவுக்கு இந்த இரண்டு மாத்திரைகளுக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் இப்போதைய நிலைப்பாடு. முதுகில் ஊசி போடத் தயங்கினால் முழு மயக்கம் கொடுக்கலாம். பெரியம்மாவுக்கு அப்படித்தான் செய்தார்கள். முழு மயக்கம் வயசானவர்களுக்கு ஆகாது என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. 2021-ல் வெளியான 1,600 பேர் ஆய்வில் முதுகு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் 60 நாள் கழித்து உயிரிலோ நடையிலோ வித்தியாசம் தெரியவில்லை. அதனால் அந்தத் தேர்வை மயக்க டாக்டரிடம் விட்டுவிடுங்கள். வார்ஃபரின், புதிய வகை ரத்தம் இளக்கிகள் வேறு கணக்கு. வார்ஃபரினின் வேலையை முறிக்கிற மருந்து உண்டு, மற்றவற்றுக்கு கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை வைத்து ஒரு நாள், இரண்டு நாள் காத்திருப்பார்கள். அதனால்தான் அட்டையோடு எடுத்துப் போங்கள் என்றேன். கடைசியாகப் போட்ட மணியையும் நோட்டில் எழுதுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ தொடரவோ வேண்டாம்.

ரத்தம் கேட்பார்கள், கொடுக்க ஆள் கூட்டி வரச் சொல்வார்கள். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி ஓடாமல், சேர்த்த அன்று மாலையே பேரன்கள் இரண்டு பேரை அனுப்பிவிடுங்கள். பணம், காப்பீடு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ தனியார் காப்பீடோ, சேர்த்த அன்றே காப்பீட்டு மேசைக்குப் போய், அவசரக் கேஸ் என்று முன் அனுமதி கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். குடும்பத்தில் ஒருவர் இதற்காக மட்டும் அலையட்டும், நோயாளி பக்கத்தில் இருப்பவர் அங்கேயே இருக்கட்டும்.

காலில் எடை கட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இடுப்பு முறிவில் ஆபரேஷனுக்கு முன் எடை கட்டித் தொங்கவிடுவதால் வலி குறைவதாகவோ ஆபரேஷன் எளிதாவதாகவோ ஆய்வுகளில் தெரியவில்லை. கட்டிவிட்டால் ஆள் புரள முடியாது. எங்களுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று நடந்தது: எடை கட்டியதும் வைத்தியம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகிவிட்டோம். அடுத்த ஐந்து நாளும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வலி

வலியைப் பொறுத்துக்கொள்வது நம் பாட்டிகளுக்குப் பெருமை. கேட்டால் “பரவாயில்லப்பா” என்பார்கள். அசையாமல் கிடந்தால் வலிக்காது, அதனால் அசையவே மாட்டார்கள், மூச்சை ஆழமாக இழுக்க மாட்டார்கள், இரும மாட்டார்கள், சளி அங்கேயே தங்கும். அதனால் “வலிக்குதா” என்று கேட்காதீர்கள், “கொஞ்சம் காலை அசைச்சுப் பாருங்க” என்று சொல்லி முகத்தைப் பாருங்கள். பாராசிட்டமால் வலித்தால் மட்டும் என்று இல்லாமல் நேரத்துக்கு நேரம் கொடுப்பது நல்லது. அதோடு தொடை இடுக்குப் பக்கம் நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடுகிற முறை இருக்கிறது, மயக்க டாக்டர்கள் சேர்த்த அன்றே போடலாம். “நர்வ் பிளாக் போட முடியுமா” என்று கேளுங்கள். டைக்குளோஃபெனாக் மாதிரி ஊசிகள் வயதானவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், டிரமடால் சிலருக்குப் புத்தியைக் குழப்பிவிடும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதிவையுங்கள்.

பட்டினி

அப்பத்தாவின் ஆபரேஷன் மூன்று தடவை தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் முந்தின ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, இன்று கிடையாது, நாளைக்கு என்று சொல்வார்கள். அதற்குள் நாக்கு காய்ந்து ஓடு மாதிரி ஆகியிருக்கும். பிறகு கொடுத்த கஞ்சியில் நான்கு கரண்டி குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். மூன்று நாள் இப்படி, 82 வயது உடம்பில். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது, ஏனென்றால் அது தேவையே இல்லை. கெட்டியான சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், தண்ணீர், பால் சேர்க்காத டீ போன்ற தெளிந்த திரவத்துக்கு இரண்டு மணி நேரம், பொதுவான விதி அவ்வளவுதான். “இவங்க பெயர் லிஸ்ட்டில் எத்தனையாவது, எத்தனை மணிவரை தண்ணீர் கொடுக்கலாம்” என்று மயக்க டாக்டரிடமே கேளுங்கள். தள்ளிப்போனால் உடனே சாப்பிடக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். சர்க்கரை முற்றியவர்களுக்கு வயிறு மெதுவாகக் காலியாகும், அவர்களுக்கு நேரம் மாறலாம், அதனால்தான் கேட்டுவிட்டுச் செய்யச் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகும் சாப்பாடு மருந்துக்குச் சமம் என்று சொன்னால் மிகையில்லை. வேல்ஸின் கார்டிஃபில் இடுப்பு முறிந்த 302 வயதான பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2006-ல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்குக் கூடுதலாக ஓர் உதவியாளர். அவர் வேலை பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்ததைக் கேட்டு வாங்கி, ஊட்டி, குடிக்க வைப்பது மட்டும்தான். வார்டிலேயே இறந்தவர்கள் வழக்கமான பக்கத்தில் நூற்றுக்கு 10.1, உதவியாளர் இருந்த பக்கத்தில் 4.1. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது 22.9, 13.1. இதைப் படித்த அன்று நான் தூங்கவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் அந்த உதவியாளர் வேலைக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை, அம்மா பக்கத்தில் மகள் இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், பேரன் இருக்கிறான். தட்டு வந்தால் மூடியபடியே திரும்பிப் போகாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கஞ்சி மட்டும் போதாது. முட்டை, மீன், தயிர், பருப்பு, பால் எல்லாம் வேண்டும். முட்டை சாப்பிட்டால் தையல் சீழ் வைக்கும், மீன் ஆகாது, கத்தரிக்காய் கரப்பான் என்று பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒன்றை நிறுத்தச் சொல்வார்கள். புண் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும், டாக்டர் விலக்கச் சொன்னதைத் தவிர எதையும் நிறுத்தாதீர்கள். ஒரே மூச்சில் ஊட்டாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக. கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, உட்கார்ந்த மாதிரி வைத்துத்தான் ஊட்ட வேண்டும். படுத்த வாக்கில் ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். காலை, ராத்திரி பல் தேய்த்து வாய் கொப்பளிக்க வையுங்கள், வாய் அழுக்கும் நிமோனியாவுக்கு ஒரு வழி.

ராத்திரியில் மாற்றிப் பேசினால்

மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அப்பத்தா விட்டத்தைப் பார்த்து, “மாட்டை யாருடா அவுத்துவிட்டது” என்று கேட்டார். நாங்கள் மாடு வளர்த்து முப்பது வருஷம் ஆகிறது. டியூபைப் பிடுங்கப் போனார், வார்டில் துணியால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். வயசாகிவிட்டது, புத்தி பேதலித்துவிட்டது என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டோம். அது வயசு இல்லை. திடீர் குழப்பம் என்பது உடம்பு அடிக்கிற மணி: ஆக்சிஜன் குறைவு, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, நாலு நாள் மலச்சிக்கல், அடங்காத வலி, காய்ச்சல், புதிதாகப் போட்ட தூக்க மாத்திரை, இதில் ஏதோ ஒன்று. உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, “நேற்றுவரை தெளிவாகப் பேசினார், இன்றுதான் இப்படி” என்று சொல்லுங்கள். அந்த ‘நேற்றுவரை’ என்ற தகவல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு அந்த நோயாளி முதல்முறை பார்க்கிற ஒரு முதியவர்.

அமைதியாகப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல், எப்போதும் தூங்கிக்கொண்டே இருப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு வடிவம். தொந்தரவு இல்லாததால் யார் கண்ணிலும் படாது. அதையும் சொல்லுங்கள்.

தடுக்கவும் முடியும். அமெரிக்காவின் பாஸ்டனில் 126 பேரிடம் செய்த சோதனையில், முதியோர் மருத்துவர் தினமும் வந்து ஆக்சிஜன், நீர்ச்சத்து, வலி, மலம், தூக்கம், தேவையில்லாத மாத்திரை என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் குழப்பம் வந்தவர்கள் நூற்றுக்கு 50-லிருந்து 32-ஆகக் குறைந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித்துறை உண்டு, கிண்டியில் 2024-ல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தார்கள். மற்ற பல ஊர்களில் அந்தத் துறையே கிடையாது, அங்கே பொது மருத்துவரை தினமும் வரச் சொல்லிக் கேளுங்கள். எலும்பு டாக்டர் எலும்பைப் பார்ப்பார், உப்பையும் சிறுநீரகத்தையும் நெஞ்சையும் பார்க்க இன்னொருவர் வேண்டும்.

உங்கள் பங்குக்கு: கண்ணாடி, காது மெஷின், பல்செட் பகலில் போட்டிருக்கட்டும், கண்ணும் காதும் தெளிவாக இருந்தால் குழப்பம் குறையும், பல் இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். சுவரில் தெரிகிற மாதிரி ஒரு காலண்டர். பழகிய முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில். ராத்திரி விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையைக் கட்ட வந்தால், நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

எழுந்து நிற்பது

ஆபரேஷனுக்கு மறுநாளே. ஆமாம், மறுநாளே. சொந்தக்காரர்கள் பதறுவார்கள், ராடு கழன்றுவிடும், தையல் பிரிந்துவிடும், மூன்று மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்பார்கள். பந்தை மாற்றினாலும் ராடு வைத்தாலும், ஆபரேஷனே எடை தாங்கி நிற்பதற்காகத்தான் செய்கிறார்கள். ஒருசில முறிவுகளுக்கு மட்டும் டாக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார். தியேட்டரிலிருந்து டாக்டர் வெளியே வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “முழு எடை போட்டு ஊன்றலாமா?” ஊன்றலாம் என்றால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியிருக்காவிட்டால் பிசியோ வந்து படுக்கையிலேயே காலை ஆட்டிவிட்டுப் போய்விடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது.

நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் 397 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2015-ல் வந்தது. பாதிப் பேரை எலும்பு வார்டில் சேர்த்தார்கள், பாதிப் பேரை நேராக முதியோர் வார்டில் சேர்த்து அங்கே சாப்பாடு, மருந்து, சீக்கிரம் எழுப்பிவிடுவது என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். நான்கு மாதம் கழித்து முதியோர் வார்டில் இருந்தவர்கள் நன்றாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் ஆபரேஷன் ஒன்றுதான்.

பெரியம்மா முதல் தடவை நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது. எழுப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மருந்து, பிறகு கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம், தலை சுற்றுகிறதா என்று கேட்டு, பிறகு வாக்கர். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அன்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். அடுத்த நாள் நான்கு எட்டு. ஞாயிற்றுக்கிழமை பிசியோ வர மாட்டார் என்றால், சனிக்கிழமையே எப்படிப் பிடிப்பது என்று அவரிடம் கற்றுக்கொண்டு, நர்ஸைத் துணைக்கு வைத்து நீங்களே எழுப்புங்கள். ஒரு நாள் விடுமுறைகூட விட வேண்டாம்.

மூன்று பந்து போட்ட மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பார்கள். பெரியம்மா முதல் நாள் முழுக்க அதில் பலூன் ஊதுகிற மாதிரி ஊதிக்கொண்டிருந்தார், ஒரு பந்தும் அசையவில்லை. அதை உறிஞ்ச வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்துப் பத்து மூச்சு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுநீர் டியூப் ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு சீக்கிரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது, தினமும் காலையில் “இன்று எடுக்கலாமா” என்று கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டி, வால் எலும்பும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. ஏர் பெட் நல்லது, ஆனால் அது இருக்கிறதே என்று புரட்டாமல் விடக் கூடாது. காலில் ரத்தக் கட்டி வராமலிருக்க ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள், வீட்டுக்குப் போன பிறகும் எத்தனை நாள் தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒரு மாதம்வரை போகும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இது எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் போக வேண்டும்.

வீட்டுக்குப் போகும்போது

டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்பு பலத்துக்கு மருந்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கால்சியம் மாத்திரையோடு நின்றுவிடும். நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிகிறது என்றாலே எலும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம், அடுத்த பக்கமும் முறியலாம். இடுப்பு முறிந்த 2,127 பேருக்கு ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு தடவை சோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியானது. புது முறிவுகள் குறைந்தன, அதோடு உயிரிழப்பும் நூற்றுக்கு 13.3-லிருந்து 9.6-ஆகக் குறைந்தது. சிறுநீரகம் தாங்குமா, வைட்டமின் டி போதுமா, பல்லில் பிரச்சினை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள், ஆபரேஷன் ஆன உடனேயும் போட மாட்டார்கள். அதனால் தையல் பிரிக்கப் போகும்போது நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

பிசியோவுக்கு ஆட்டோ பிடித்துப் போக முடியாதவர்களுக்கு, தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். இந்தியக் கழிப்பறை வேண்டாம், கமோடு நாற்காலி வாங்கிக் கட்டில் பக்கத்திலேயே போடுங்கள். ராத்திரி எழுந்து போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு எப்போதும் எரியட்டும், வாசலில் கிடக்கிற கால்மிதியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். அப்பத்தா தடுக்கி விழுந்தது அந்த மாதிரி ஒரு சாக்குத் துண்டில்தான், அவருடைய காரியம் முடிந்த மறுநாள்கூட அது அதே இடத்தில் கிடந்தது.